ஆடிட் நாளில் போட்ட ஊசி

ஆடி 14, புதன்

அப்பாவுக்குப் பார்க்கின்சன். ஒரு வருடமாக, இல்லாத ஆட்களெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரிகிறார்கள். தையல் மிஷினுக்கு அடியில் சின்னப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்களாம். நரம்பு டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார். "சத்தம் போடறாருன்னு வெளியில எங்கயும் ஊசி போட்டுடாதீங்க. இந்த நோய்க்கு ஆகாது, கட்டையா இறுகிருவார்" என்று சொல்லி, சீட்டிலும் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்.

இன்று எங்கள் பனியன் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட்; சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறோமா என்றும் பார்ப்பார்கள். கம்பெனி கீழே, வீடு மாடியில். காலையிலேயே அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தார். "கரண்ட்ட நிறுத்து கண்ணு. சரசு வெரல் மிஷின்ல மாட்டிக்கிச்சு."

தெருமுனை கிளினிக் கம்பவுண்டரை ஊசி போடக் கூப்பிட்டேன். டாக்டர் சீட்டைக் காட்டவில்லை. "சத்தமில்லாம இருந்தா போதுங்க" என்றேன்.

பத்து மணிக்கு ஆடிட்டர் வந்தார். குழந்தைத் தொழிலாளர் இல்லை என்று டிக் அடித்தார். மாடியையும் எட்டிப் பார்த்துவிட்டு, "பெரியவர் ரொம்ப அமைதிங்க" என்றார்.

அப்பா இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். கழுத்து திரும்பவில்லை. ஊட்டிய கஞ்சி வாயோரம் வழிந்துவிட்டது. கண் மட்டும் என் மேலேயே இருக்கிறது.

சரசு யார் என்று டாக்டர் போன மாதமே கேட்டார். அப்படி யாரும் கிடையாதுங்க, எல்லாம் அவர் பிரமை என்று சொல்லிவிட்டேன்.

சரசு என்னோடு ஐந்தாம் வகுப்பு படித்தவள். ஆறாம் வகுப்புக்குப் போகாமல் எங்கள் மிஷினுக்கு வந்தாள். அவள் விரல் மாட்டிய அன்று கரண்ட்டை நிறுத்தச் சொல்லிக் கத்தியவன் நான். வாயை மூடச் சொன்னவர் அப்பா.