விரிசல் பக்கம்

இன்று காலை மருமகள் வாசல் நிலையில் திருஷ்டிக்குப் படிகாரக் கல் கட்டினாள். கல்லில் ஒரு விரிசல். அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு இறங்கினாள். எனக்குச் சுருக்கென்றது. நீ இருந்திருந்தால் அவளை ஒரு பிடி பிடித்திருப்பாய்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் நாம் இருவரும் கல்லூரியில் ஒரே ஆய்வுக்கூட மேசையில் படிகம் வளர்த்தோம். நீ சாந்தோமில் மாதா கோயிலை ஒட்டிய வீட்டுப் பெண், நான் மயிலாப்பூர். படிகாரக் கரைசலில் சின்ன விதைப் படிகம் ஒன்றைத் தலைமுடியில் கட்டித் தொங்கவிட்டால் மெல்லப் பெரிதாகும். பழுதில்லாத விதையை மட்டுமே கட்ட வேண்டும், மற்றதெல்லாம் குப்பைக்கு என்பது பேராசிரியர் போட்ட சட்டம். அன்று நீ உன் பின்னலிலிருந்தே ஒரு முடியைப் பிடுங்கிக் கட்டினாய். காலையில் தடவிய தேங்காயெண்ணெயில் முடிச்சு வழுக்கி, விதை தரையில் விழுந்து விரிசல் விட்டது.

"தூக்கிப் போடுடி, அவர் பாத்தா கத்துவார்" என்றேன்.

"இன்னா இப்போ? அதுவும் வளரட்டுமே" என்று வேறு முடியில் கட்டி, வழுவழுப்பான விதைக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டாய்.

கரைசலின் செறிவு குறைந்ததும் வழுவழுப்பான விதை அப்படியே நின்றுவிட்டது. உன்னுடையது மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

பேராசிரியர் நம்பவில்லை. "கைத்தவறுன்னு எழுதிக் கொடு. இல்லேன்னா நாளையிலேருந்து லேபுக்கு வராதே" என்றார். உன் பட்டமே அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. எழுதிக் கொடுத்துவிடு என்று நான்கூடக் கெஞ்சினேன்.

"கண்ணால பாத்ததை இல்லேன்னு எழுத மாட்டேன் சார்." ஜாடியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாய். கரைசல் புடவையெல்லாம் சிந்தியது. அதன்பின் நீ அங்கே வரவே இல்லை.

உன் விதை ஏன் வளர்ந்தது என்ற காரணம் நாற்பதுகள் முடியும்போது வெளிநாட்டு ஆய்விதழில் வந்து சேர்ந்தது. வழுவழுப்பான முகத்தில் புதிய துகள் ஒட்ட இடம் கிடைப்பதில்லை. பழுதுள்ள இடத்திலோ படிக்கட்டில் இருப்பதுபோல ஒரு படி இருக்கிறது. துகள்கள் ஒட்ட ஒட்ட அது கைமுறுக்குப்போலச் சுற்றிச் சுற்றி எழும், தீர்ந்தே போகாது. அதே பேராசிரியர் அதைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தினார். உன் பெயர் வரவில்லை. அங்கே வேலையில் இருந்த நான் எழுந்து சொன்னேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

உன்னிடம் வந்து சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாய். "அவருக்கும் இப்பத்தான் விரிசல் வுட்டுக்கீது. இனிமே வளருவாரு, வுடு."

உன் அடக்கத்தன்று ஒருவர், "பாவம், படிப்பை முடிக்கலை" என்றார். நீயா பாவம்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆற விடப்போவதும் இல்லை.

மருமகள் உள்ளே போனதும் முக்காலி போட்டு ஏறினேன். விரிசல் தெருவைப் பார்க்கும்படி கல்லைத் திருப்பிக் கட்டிவிட்டேன். ஏன் என்று யாராவது கேட்கட்டும், உட்காரவைத்து உன் கதையைச் சொல்கிறேன்.