வீட்டில் இருப்போர் பட்டியல்

கண்டி
மே 10

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆண்டவர் அந்தத் தூர வீட்டிலும் உங்களைக் காப்பாராக.

வெள்ளிக்கிழமை தோறும் போனில் பேசிவிட்டுக் கடிதமும் எழுதுகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். உறையைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அப்பா சுகம். ஷிராணி சுகம். நானும் சுகம். போனில் நாம் பேசுவது இதை மட்டும்தான். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்கிறீர்கள், நாங்கள் சாப்பிட்டோம் என்கிறோம், அதற்குள் நீங்கள் வேலை செய்யும் வீட்டு மேடத்தின் சின்ன மகன் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்துவிடுகிறான். எனக்கு வாய்விட்டுச் சொல்ல வராது என்பது உங்களுக்குத் தெரியும். எழுத உட்கார்ந்தால் கொஞ்சம் வருகிறது.

இதைக் கொண்டுவருபவர் திகனையைச் சேர்ந்த ஷிராஸ் நானா. குவைத்தில் உங்கள் பகுதியில்தான் சாரதியாக இருக்கிறார். லீவில் வந்தவர், ஒரு பத்திரத்துக்குக் கையொப்பம் வாங்க எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நீங்களும் அங்கேதான் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். “கடிதம் ஒண்டு எழுதித் தாங்க தங்கச்சி, உங்கட உம்மாட கையிலயே குடுக்கிறேன்” என்றார். அவர் செவ்வாய்க்கிழமை புறப்படுகிறார். அவரிடம் பதில் எதுவும் கொடுத்தனுப்ப வேண்டியதில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

என் வேலையைப் பற்றி நீங்கள் ஒருநாளும் முழுதாகக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சரோஜினிதேவி அம்மையார் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். கண்டியில் இருபது வருடம் சட்டத்தரணியாக இருந்து, போன தேர்தலில் பாராளுமன்றம் போனார். மாதம் ஒருமுறை தொகுதி மக்களுக்கு ஒரு கடிதம் அனுப்புவார். என்ன புதுச் சட்டம் வந்தது, குடும்ப உதவிக் கொடுப்பனவுக்கு யார் விண்ணப்பிக்கலாம், எந்தத் திகதிக்குள் என்பதெல்லாம் அதில் இருக்கும். “பிள்ளை, சட்டத்தை நான் சொல்லுறன், தோட்டத்துச் சனத்துக்கு விளங்கிற மாதிரி நீர் எழுதும்” என்பார். எழுதுவது நான். அடியில் கையொப்பம் அவருடையது. ஹேவாஹெட்டப் பக்கம் போகும் கட்டு எங்கள் தோட்ட ஒபீசுக்குப் போய், தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கைக்குக் கை மாறும். அப்பா ஒன்றுக்கு மூன்றாக வாங்கிவந்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். “கீழ இருக்குற கையெழுத்து எம்.பி. அம்மாவோடது, மேல இருக்குற எழுத்து எம்மகளோடது” என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்கிறார். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் மாதக் கடிதத்தைப் பற்றித்தான் இப்போது சொல்ல வேண்டும்.

புதுச் சட்டத்தின்படி எங்கள் லயத்து வரிசை வீட்டு ஆட்களுக்கு வீட்டுக் காணியை உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்போகிறார்கள். கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுத வேண்டும், ஒருவர் மட்டும் விற்க முடியாது. அம்மையார் பாராளுமன்றத்தில் எழுந்து பேசி வாங்கிய விஷயம் இது. உறுதிக்கும் குடும்ப உதவிக்கும் ஒரே பட்டியல், வீட்டில் இருப்போர் பட்டியல். அதற்கான நிபந்தனையை அவர் ஆங்கிலத்தில் வாசித்தார், நான் தமிழில் எழுதினேன்: “ஆறு மாதங்களுக்கு மேல் வீட்டில் இல்லாதவர்களின் பெயரை நீக்கிவிடுங்கள். நீக்கப்படாத பெயருக்குரியவர் நேரில் வரும்வரை அந்தக் குடும்பத்தின் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படும்.” படித்துப் பார்த்துவிட்டு, “ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை” என்று பாராட்டினார். நான் சந்தோஷமாக பஸ் ஏறினேன், அம்மா. தலாத்துஓயா தாண்டும்வரை அந்த இரண்டு வரியையே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது உங்களைப் பற்றியது என்று தோன்றவே இல்லை.

தோன்றவைத்தவர் பக்கத்துக் காம்பரா வீட்டு மூக்காயி பெரியம்மா. தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் நிற்க, “ஏன்டி படிச்ச புள்ள, ஒங்கடுதாசிப்படி பாத்தா மொதல்ல ஒங்கம்மா பேரத்தானே வெட்டணும்?” என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். வாளி நிறைந்து வழிந்தது எனக்குத் தெரியவில்லை.

அப்பா செய்த காரியம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. ஜனவரியில் கணக்கெடுக்க வந்தபோது நான் வேலையில் இருந்தேன். வீட்டில் யார் யார் என்று கேட்டிருக்கிறார்கள். மாலைச் செபமாலையில் நாங்கள் ஆளுக்குப் பத்து மணியாக ஒரு காரணிக்கம் சொல்வோமே, அந்த வரிசையில் அப்பா சொல்லியிருக்கிறார்: மத்தியாஸ், பெற்றீசியா, ஷெரோன், ஷிராணி. உங்கள் காரணிக்கத்தை இந்தப் பன்னிரண்டு வருடமாக அவர்தான் சேர்த்துச் சொல்கிறார். சொல்லும் முன், “இது பெற்றீசியாவோடது” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார். கணக்கெடுப்பிலும் அப்படியே வந்துவிட்டது. பொய் சொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை தோட்ட மண்டபத்தில் சரிபார்ப்பு. அலுவலர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். “பெற்றீசியா” என்றதும் அப்பா எழுந்து நின்று, “இருக்கா சேர்” என்றார். எங்கே என்று அலுவலர் கேட்க, “குவைத்துல” என்றார். மண்டபம் முழுக்கச் சிரிப்பு. கங்காணி கறுப்பையா மாமா, “அங்கருந்து இங்க கொழுந்து எடுக்குறாளாய்யா?” என்று ஒன்று போட, அலுவலர்கூடச் சிரித்துவிட்டார். அப்பா உட்காரவில்லை. கவ்வாத்து வெட்டப்போன மலையில் விழுந்ததிலிருந்து அவரால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. கதிரையைப் பிடித்துக்கொண்டு, தன் முறை முடியும்வரை நின்றார். அலுவலர் கெட்டவர் இல்லை. ஒரு படிவத்தை என் கையில் கொடுத்து, “மகள்தானே, படிச்சவங்க, நீங்களே நிரப்பித் தாங்க” என்றார். உங்கள் பெயரை நீக்கச் சம்மதம் என்று குடும்பத்தில் ஒருவர் கையொப்பமிட வேண்டும். நீக்கினால் உதவிப் பணம் உடனே தொடங்கும், உறுதி அப்பா பெயரில் மட்டும் எழுதப்படும். நீக்காவிட்டால் ஜூலை பதினெட்டாம் திகதிக்குள் நீங்கள் நேரில் வந்து கையொப்பமிட வேண்டும். படிவம் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.

மறுநாள் அம்மையாரிடம் சொன்னேன். கதவருகே எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது, அவராகத்தான் “என்ன பிள்ளை, சொல்லுமன்” என்றார். சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “பொம்பிளையளின்ர பேர் உறுதியில வரவேணும் எண்டு தொண்டை கிழியக் கத்தினனான். வெளிநாட்டில நிக்கிற பொம்பிளையளை நினைக்கேல்லை. அந்த நிபந்தனைக்குக் கை உயர்த்தினதும் நான்தான்” என்றார். பிறகு, திருத்தம் கேட்டு எழுதுவதாகவும், ஆனால் அது வரும்வரை ஜூலை காத்திருக்காது என்றும் சொன்னார். “உமக்கெண்டு நான் ஒரு விலக்கு வாங்கித் தந்தால், நாளைக்கு மற்ற ஆயிரம் பேரின்ர முகத்தில முழிக்கேலாது” என்றார். எனக்கும் அது வேண்டியதில்லை. வெளிநாட்டில் இருப்போரின் குடும்பங்களுக்கு என்று இந்த மாதக் கடிதத்தில் நான்கு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். மூன்று நாளாகிறது, முதல் வரியே வரவில்லை.

நேற்று அப்பா உங்களிடம் இதையெல்லாம் சொன்னபோது நீங்கள் சிரித்தீர்கள். “வீட்டுல இல்லாத ஆள எதுக்குப் புடிச்சிக்கிட்டு நிக்கிறீங்க, வெட்டிட்டு வரவேண்டியத வாங்குங்க” என்றீர்கள். அப்பா போனை அமர்த்திவிட்டு, பால்வாடிப் பக்கமாக நடந்து போனார். இருட்டும்வரை வரவில்லை. நீங்கள் எங்கள் நன்மைக்குத்தான் சொன்னீர்கள் என்று ஷிராணியிடம் நான் விளக்கம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா, அம்மா என்னைவிட உயரமா?” என்றாள். எனக்குத் தெரியவில்லை, அம்மா. நீங்கள் கடைசியாக வந்துபோனபோது அவளுக்கு ஒன்பது வயது. இப்போது பதினைந்து. பெரிய பிள்ளையானபோது முதல் தண்ணீர் ஊற்றியது மூக்காயி பெரியம்மா. அதை உங்களுக்குப் போனில் சொன்னோம், நல்லது என்றீர்கள். பிறகு வெகுநேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து நான் துண்டித்துவிட்டேன். போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

நீங்கள் போனது நான் படிக்க. படித்து முடிந்து இரண்டு வருடமாகிறது. பேராதனையில் பட்டமளிப்புக்கு இரண்டு பேருக்கு அழைப்பு அட்டை தந்தார்கள். அப்பாவுக்குப் பக்கத்துக் கதிரையில் அவர் குடையை வைத்திருந்தார். யாராவது கேட்டால், “ஆள் வர்றாங்க” என்றாராம். அந்த வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தீர்கள், ஷிராணியின் படிப்புக்கு என்று. போன வருடம் அப்பாவின் முதுகுக்கு என்று. இந்த ஆகஸ்ட்டில் மறுபடி கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் காரணம் சரியாகத்தான் இருக்கிறது. உங்களுக்கு அங்கிருந்து வர மனமில்லையோ என்றுகூட ஒருநாள் நினைத்தேன். மேடத்தின் பிள்ளைகள் உங்களைக் கூப்பிடும் விதம் போனில் என் காதில் விழுந்திருக்கிறது. பொறாமைப்பட்டேன். அதற்கும் மன்னித்துக்கொள்ளுங்கள். ஒருவேளை இங்கே உங்களுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துப் பயப்படுகிறீர்களோ என்று இப்போது தோன்றுகிறது.

இடம் இருக்கிறது, அம்மா. பட்டியலில் நான்கு பேர் என்றுதான் எழுதியிருக்கிறது. என் சம்பளத்தில் நாங்கள் இருந்துகொள்வோம். உதவிப் பணம் பிந்தினால் பிந்தட்டும். அம்மையாரின் கடிதங்களில் எத்தனையோ பேருக்கு, விண்ணப்பியுங்கள், வாருங்கள், கையொப்பமிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். உங்களுக்கு அப்படி ஒருமுறையும் எழுதியதில்லை.

ஷிராஸ் நானாவிடம் பதில் கொடுத்தனுப்ப வேண்டாம். நீங்களே வாருங்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன், ஜூலை பதினெட்டுக்குள் ஊருக்குப் போக வேண்டும் என்று மேடத்திடம் இந்த வாரமே சொல்லுங்கள். கையொப்பமிட வேண்டும், சட்டம் அப்படி என்று சொல்லுங்கள், நம்புவார்கள். ஆனால் கையொப்பமிட்டுவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள், அம்மா.

தேவமாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள் மகள்,
ஷெரோன்