நாற்பதாவது பாலம்

என் செல்லக் கழுதைக்கு,

எந்தெந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு நன்றாக இருக்கும் என்று நீ எழுதும் பக்கத்தை ஒன்று விடாமல் படிக்கிறேன். பாலம் கட்டும் விளையாட்டில் நாற்பதாவது பாலத்தை யாராலும் தாண்ட முடியாது என்று எழுதியிருந்தாயே? நான் தாண்டிவிட்டேன்!

கயிறுகளை இழுத்து இறுக்கிக் கட்டக் கட்டப் பாலம் அறுந்து விழுந்தது. இருபத்தாறு தடவை. பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. சட்டைக்குத் தளர்வு விட்டுத் தைப்பதுபோல் கொஞ்சம் விட்டுக் கட்டினேன். லாரி ஜம்மென்று அக்கரைக்குப் போனது. "அக்கா, கலக்கிட்டீங்க!" என்று என் தையல் கடையில் காஜா எடுக்கும் பெண் கத்தியே விட்டாள்.

இனி என் பரிந்துரை: படகு விளையாட்டு. இரண்டு பேர் துடுப்புப் போட்டால்தான் நகரும். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

இப்படிக்கு,
அன்று உன் கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கி எறிந்த அம்மா