மாதா சிலைக்கு அடியில் கேட்ட சத்தம்

அன்புள்ள அப்பாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம். உங்கள் கால் வீக்கம் வற்றிவிட்டதா?

போன கிழமை இங்கே அஹுன்ட்சிக் என்ற பகுதியில் ஒரு தெருவுக்கே கரண்ட் இல்லை. நிலத்துக்கு அடியில் போகும் கேபிளுக்குள் மின்னழுத்தத்தை விட்டு விட்டு அனுப்பினால், பழுதான இடத்தில் 'டொக்' என்று கேட்கும். காதில் கருவியோடு அந்தச் சத்தத்தின் பின்னால் நடந்தேன். அது ஒரு வயதான பிரெஞ்சுக்கார மதாமின் முற்றத்து மாதா சிலைக்கு அடியில் கேட்டது. சிலையைத் தொட அவர் யாரையும் விடவில்லை.

மின்சாரத்தை முழுதாக நிறுத்திய பிறகு நான் போனேன். மாதாவைத் தொடப் போகிறேனே என்று, யோசிக்காமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். எங்கள் பொறுப்பாளர் அருமைநாதன் அண்ணை கத்தினார்: "பிள்ளை, சப்பாத்தைப் போடு! இதென்ன கோயிலே?"

மதாம் என் காலையே பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார். பின்னேரமே தெருவுக்கு வெளிச்சம் வந்தது. எனக்கு ஏச்சு மட்டும்தான், பயப்படாதீர்கள்.

தலைக்கவசத்துக்குள் வைக்க ஒரு சின்ன மடுமாதா படம் அனுப்புங்கள்.

அன்று என் கால் மேஸில் ஓட்டை இருந்ததைக் கண்ட மதாம், கம்பளி மேஸ் கொண்டுவந்து, குனிந்து தானே என் காலில் போட்டுவிட்டார். விமான நிலையத்தில் அம்மா கட்டிப்பிடித்த பிறகு ஒருவர் என்னைத் தொட்டது அன்றுதான்.

வேலைக்குக் கூட்டிப்போக வான் வந்துவிட்டது, அப்பா.

உங்கள் மகள்
றொஷினி