அக்காவின் மேற்படிப்பு

அம்மா,

அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த கல்லூரிக் கடிதத்தில் என் பெயரைப் பார்த்தேன். "பிள்ளையைப் பார்த்துக்கொள்ள டெல்சி, மூன்று வருடம்" என்று அக்கா ஓரத்தில் எழுதியிருந்தாள். உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நலம்.

மயக்க மருந்து கொடுக்கும் நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. இங்கே சின்சினாட்டியிலேயே படித்தால் மாலையில் வீடு திரும்பலாம். மற்றதில் மாதக்கணக்கில் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவார்கள். அதைத்தான் எடுத்திருக்கிறாள்.

"செப்டம்பர்ல நான் திரும்ப ஸ்கூலுக்குப் போகணும்க்கா."

"பத்தாவதுலயே நின்னவ நீ. இப்ப என்னடி திடீர்னு படிப்பு? நான் சேரப்போறது பேர் பெத்த காலேஜ்டி!"

"அப்ப உன் பிள்ளையையும் அங்கேயே சேர்த்துடு" என்றேன், தரையைப் பார்த்தபடி. இங்கே என்னோடு பேசுவது அவன் ஒருவன்தான். அவனுக்கு ஒன்பது மாதம்.

என் பழைய மதிப்பெண் பட்டியலைத் தேடி வையுங்கள். பிள்ளையை அவள் மடியில் வைத்துவிட்டு, உங்களிடம் வர பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டேன்.

டெல்சி