பாதியில் எழுந்து போன பூங்கொடி

என் பிரியமான அண்ணிக்கு,

அண்ணன் நன்றாக இருக்கிறார். குழம்பில் புளியை இன்னும் தூக்கலாகத்தான் விடுகிறார். அதெல்லாம் அப்புறம். நீங்கள் கேட்டுக்கொண்டே போன கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பூங்கொடி கிடைத்துவிட்டாள், அண்ணி. நன்றாக இருக்கிறாள்.

பூங்கொடி அவளுடைய நிஜப் பெயர் இல்லை. நம்மிடம் வருகிறவர்களின் பெயரை வெளியே சொல்வதில்லை என்ற விதியை உங்களுக்கு எழுதும் கடிதத்திலும் நான் மீறவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் இருவரும் கள்ளக்குறிச்சியில் ஒரே அறையில் மனநல ஆலோசகர்களாக இருந்தோம். சின்ன வயதில் மனதில் பதிந்து, வளர்ந்த பிறகும் ஒருவரை ஆட்டிவைக்கும் நம்பிக்கைகளை 'ஸ்கீமா' என்பார்கள். 'என்னை விட்டுவிடுவார்கள்', 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்பவை போல. அவற்றை அடையாளம் கண்டு சிகிச்சையைத் தொடங்க ஒரு கேள்வித்தாள் வேண்டும். நம் கைக்கு வந்த மொழிபெயர்ப்பைப் படித்துக் காட்டினால் எதிரில் இருப்பவர்கள் விழித்தார்கள். "நாமளே எழுதலாம் தேனு, இன்னா இப்போ?" என்றீர்கள். எழுதினோம்.

அதைச் சோதித்துப் பார்த்த நாட்களில் மலைமேல் இருக்கும் கரியாலூரிலிருந்து வந்தவள் பூங்கொடி. "எனக்கு வேண்டியவங்க என்னை விட்டுட்டுப் போயிடுவாங்க" என்று நீங்கள் வாசித்ததும் அவள் கண் நிறைந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். சட்டென்று எழுந்து போய்விட்டாள். நீங்கள் வாசலுக்குப் போவதற்குள் ஆளைக் காணோம். கொடுத்திருந்த போன் எண்ணுக்கும் லைன் கிடைக்கவில்லை. எங்கோ காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருக்கிறாள் என்பது மட்டும் பிறகு தெரிந்தது.

அன்றோடு வேலையை நிறுத்திவிட்டீர்கள். "புண்ணக் கிளறிட்டு அப்படியே அனுப்பிட்டோம் தேனு. ஏதாச்சும் பண்ணிக்கினா இன்னா செய்யறது?" அப்புறம் நீங்கள் நோயில் படுத்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்கிக்கொண்டே, "அந்தப் பொண்ணு வந்துச்சா?" என்று கேட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு அந்தத் தாள்களைத் தொட எனக்கு மனசே வரவில்லை. அண்ணன்தான் ஒருநாள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, "எதையும் அவ பாதில வுட்டதில்ல. இத மட்டும் இன்னாத்துக்கு வுடணும்?" என்றார். மறுவாரமே ஆரம்பித்துவிட்டேன்.

பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது. பூங்கொடியை அழவைத்த உங்களுடைய அதே கேள்விக்கு மலையில் கிட்டத்தட்ட எல்லோருமே 'ரொம்பச் சரி' என்றிருந்தார்கள். கணக்குப் பார்க்க உதவிய பேராசிரியர், "மலையில கைவிடப்படுற பயம் ஜாஸ்தின்னு எழுதிடலாமே" என்றார். ஒரு மலையையே நோயாளி என்று எழுதுவதா?

எழுத மாட்டேன் என்றேன். மேலே போய், ஏன் அப்படிப் பதில் சொன்னீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேட்டேன். "ஆமாங்க, காப்பி பறிப்பு வந்தா தோட்ட வேலைக்குப் போயிடுவாங்க. திருவிழாவுக்கு வந்துடுவாங்க" என்றார் ஒரு பெரியவர், வெகு சாதாரணமாக. நாம் பயத்தைக் கேட்டிருக்கிறோம், அவர்கள் ஊர் நடப்பைச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வரியை அடித்தேன். கோபமா, அண்ணி? "நெருக்கமானவங்க வெளியூர் போனா, இனிமே திரும்பி வரமாட்டாங்கன்னு தோணிக்கினே இருக்கு" என்று மாற்றினேன்.

அதைக் கேட்டுப் பார்க்கக் கரியாலூர் போனபோதுதான், பஸ் நிறுத்தத்தில் ஒரு குரல்: "நீங்க கள்ளக்குறிச்சி மேடந்தானே?"

அவள்தான். ஓரமாக அழைத்துப் போய், "அன்னிக்கு ஏம்மா பாதியில எழுந்து போயிட்ட?" என்றேன்.

"அய்யோ, கடைசி பஸ்ஸுங்க! அத்த வுட்டா மலைக்கு வண்டி ஏது? சொல்லிக்கினு போவக்கூட நேரமில்ல."

"அழுதியே?"

"அழுதது நெசந்தான். எங்கம்மா நெனப்பு வந்துட்டுது. ஆனா ஓடுனது பஸ்ஸுக்குங்க."

அங்கேயே நின்று சிரித்தேன், அண்ணி. சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. "அந்தம்மா வரலியா?" என்று கேட்டாள். நீங்கள் போனதையும், கடைசிவரை அவளைக் கேட்டுக்கொண்டே இருந்ததையும் சொன்னேன். "எனக்காவா கவலப்பட்டுக்கினு இருந்தாங்க?" என்றாள் கடைசியில்.

அடுத்த வாரம் அவளாகவே வந்தாள். அவளுடைய சின்ன வயதில் தோட்ட வேலைக்குப் போன அம்மா திரும்பவே இல்லையாம். புதிய கேள்விக்கும் அவள் 'ரொம்பச் சரி' என்றாள். ஆனால் இந்த முறை ஊரில் மற்ற பலர் 'இல்லை' என்றிருந்தார்கள். பயம் உள்ளவர்களை அது சரியாகப் பிரித்துக் காட்டியது. நம் மதிப்பெண்ணைப் பார்க்காத இன்னொரு ஆலோசகர் அவர்களோடு பேசிவிட்டு, பெரும்பாலும் அதே முடிவுக்குத்தான் வந்தார். சில வாரம் கழித்துத் திரும்பக் கேட்டபோதும் பதில்கள் அதிகம் மாறவில்லை. பேராசிரியரும், "நீங்க மேல போனது நல்லதாப் போச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

பூங்கொடி மாதக்கணக்கில் சிகிச்சைக்கு வந்தாள். இப்போதெல்லாம் கேள்வித்தாளை எடுப்பதற்கு முன்பே எல்லோரிடமும் "பஸ் எப்போ?" என்று கேட்டுவிடுகிறோம். போன மாதம் அவள் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு போன் எடுக்கலன்னா முன்ன மாரி கத்தறதில்லங்க. வேலையா இருப்பாருன்னு சொல்லிக்கினு ஒலைய வெக்கப் போயிடறேன்."

எல்லாமே முடிந்துவிடவில்லை. 'எதையும் குறையில்லாமல் செய்தாக வேண்டும்' என்ற பகுதி இன்னும் ஒட்டாமல் நிற்கிறது. வேலையிடத்தில் மேஸ்திரி விரட்டுவதையும் மனசு விரட்டுவதையும் நம் கேள்விகளால் பிரிக்க முடியவில்லை. அதை மறுபடி எழுத வேண்டும். அவசரப்பட மாட்டேன், யாருக்காகவும் கணக்கை வளைக்கவும் மாட்டேன். இது சத்தியம்.

நீங்கள் யாரையும் காயப்படுத்தவில்லை, அண்ணி. அந்தக் கவலையை இனி விட்டுவிடுங்கள். மிச்ச வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் நாத்தனார்,
தேன்மொழி