ஊதுங்கண்ணே

3 பிப்ரவரி, திங்கள்
சம்பா அறுவடை. மில் வாசலில் லாரி வரிசை. டிரைவர்கள் வண்டி எடுக்கும் முன் குடித்திருக்கிறார்களா என்று ஊதவைத்துப் பார்ப்பது என் வேலை. வைரக்கண்ணு அண்ணன் ஊதினார். மெஷினில் சிவப்பு.
"சத்தியமா குடிக்கல தம்பி. பல்லு புடுங்கியிருக்கேன். மருந்து ஊத்தி இப்பதான் வாய் கொப்புளிச்சேன்."
"என்னண்ணே, புதினா சரக்கா?" என்றான் ஒருவன். சிரிப்பு. பின்னால் ஹாரன்.
"மெஷின் பொய் சொல்லாதுண்ணே." சாவியை வாங்கிக்கொண்டேன்.

4, செவ்வாய்
வெள்ளிக்கிழமை விசாரணை. அவருக்கு வேலை போய்விடும். இருபது வருஷ டிரைவர். தப்பு அவருடையது. எனக்கு ஏன் சோறு இறங்கவில்லை?

5, புதன்
அவர் சொன்ன மாதிரி மருந்து ஒன்று வாங்கினேன். லேபிளில் ஆல்கஹால் இருபத்தொரு சதவீதம்! அம்மா பார்த்துவிட்டார்.
"ஜாஃபர், இதையா வாயில ஊத்தப்போற? நம்ம வூட்லயா?"
"முழுங்க மாட்டேம்மா."
அரை நிமிடம் கொப்புளித்தேன். நாக்கு எரிந்தது. சரிபார்க்க எடுத்துவந்திருந்த மெஷினில் ஊதினேன். சிவப்பு — அவரைவிட அதிகம். நான் ஒரு சொட்டு குடித்ததில்லை. பதினைந்து நிமிடம் கழித்து ஊதினேன். பூஜ்யம். மறுபடி செய்தேன். அதே.
மெஷின் புத்தகத்தில் இருக்கிறது: சிவப்பு வந்தால் பதினைந்து நிமிடம் உட்காரவை, திரும்ப ஊதச்சொல். படித்தவன்தானே நான்? ஹாரன் சத்தத்தில் விட்டுவிட்டேன். 'விதிப்படி செய்தேன்' என்று கையெழுத்து வேறு போட்டிருக்கிறேன்.

6, வியாழன்
பல் டாக்டர் பிரகதீஸ்வரியிடம் அந்த மருந்தைப் பற்றிப் பொதுவாகக் கேட்டேன். "கிருமிக்கு நல்லதுதான். ஆனா பல்லு புடுங்குன எடத்துல ஆல்கஹால் பட்டா எரியும், வாயும் காஞ்சுபோகும். அது இல்லாத மருந்தே இருக்குங்களே."
சொல்லிவிட்டால் என் வேலை? சொல்லாவிட்டால் அவர் வேலை. ச்சே — அந்தப் பதினஞ்சு நிமிஷம் பொறுத்திருக்கக் கூடாதா?

7, வெள்ளி
முதலாளி எதிரில் நானே கொப்புளித்து, நானே ஊதினேன். அந்தப் பதினைந்து நிமிடத்தை விட்டதையும் சொன்னேன்.

17, திங்கள்
மெஷின் இப்போது கூட வேலை பார்க்கும் பிரபு கையில். நான் எடைமேடையில். வாசலில் புதிதாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி; எல்லா டிரைவரும் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் ஊதவேண்டும். வைரக்கண்ணு அண்ணன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் லாரி என் மேடையில் ஏறவேண்டும்.
"மருந்த மாத்தியாச்சு தம்பி. ஆனா ரூலுன்னா ரூலு. இன்னும் ரெண்டு நிமிஷம். அவசரமோ?"
பின்னால் ஹாரன்.
"அடிக்கட்டும்ணே. உக்காருங்க" என்றேன்.